வேர் இருக்க அவசரம் ஏன்?

அடுத்த வீட்டுப் பையன் மாடிப்படியில் இடறி விழுந்தான். முன்பல் ஈறுக்குக் கீழே முறிந்துவிட்டது. "வேரையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டவேண்டியதுதானே!" என்று தெருப் பெரியவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். (பல் அவர்களுடையதல்லவே!)

வேர் நீளமாகவும் பிளவின்றியும் இருந்தால் அதைக் காப்பாற்ற வழியுண்டு. முதலில் வேருக்குள்ளிருக்கும் நரம்பை நீக்கிச் சுத்தம் செய்து அடைப்பார்கள். பிறகு அக்கம்பக்கத்துப் பற்களில் கம்பி கட்டி, வேரைச் சில வாரங்களில் மெள்ள மெள்ளக் கீழே இழுப்பார்கள். ஆஸ்திரேலியப் பல் வைத்தியர் ஹெதர்சே 1973-ல் இம்முறையை விவரித்தார். மேலே மாட்டும் உறை தழுவிப் பிடிக்கச் சுமார் 2 மில்லிமீட்டர் உறுதியான பல் வேண்டும். அதற்காகவே இத்தனை பிரயாசையும். இழுத்த வேர் திரும்ப உள்ளே ஏறாதபடி இன்னும் சில வாரம் கட்டியே வைக்கவேண்டும். ஈறையும் எலும்பையும் அறுத்து வேரை வெளிக்காட்டுவதும் உண்டு. ஆனால் முன்பல்லில் அது சிரிப்பைக் கோணலாக்கிவிடும்.

வேர் பிளந்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். அப்பொழுதும், டைட்டானியத் திருகு பதிப்பது தாடை வளர்ச்சி முடிந்த பிறகே. நம் பையனுக்கோ வயது 14.

இப்பொழுது வாயில் கம்பியுடன் பள்ளிக்கூடம் போய்வருகிறான். தீர்ப்பளித்த பெரியவர்களைக் கண்டால் மாத்திரம் சிரிப்பதில்லை.