துருவுக்குத் துரு காவல்

இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்ற அதைத் துருப்பிடிக்க விடுங்கள் என்று யாராவது சொன்னால், ஆளை ஒரு மாதிரி பார்ப்போம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துதான் சாப்பிட்டார்கள். பெயர், ப்ரௌனிங். (கவிஞர் ராபர்ட் ப்ரௌனிங்குக்கு இதில் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி மேதை ஜான் ப்ரௌனிங் இருந்தாரே, அவருக்கும் இல்லை!)

நான் துப்பாக்கி பிடித்ததெல்லாம் காலேஜ் என்.சி.சி.யோடு சரி. ஆனாலும் இந்த வேலையின் நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல்களைக் கழற்றி இரண்டு முனையிலும் மரத் தக்கை அடிப்பார்கள். அதுவே கைப்பிடி. உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணாம்புக் குழம்பு பூசி எண்ணெய்ப் பசையைப் போக்குவார்கள். அதற்கப்புறம் வெறும் விரல் படக் கூடாது. பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். போலீசுக்கு வேண்டுமானால் வசதி!

பிறகு மருந்து. மயில்துத்தம், நைட்ரிக் அமிலம், சாராயம், பாதரச உப்பு என்று பழைய குறிப்புகள் பாட்டி வைத்தியம் மாதிரி போகும். (பாதரசம் விஷம், ஞாபகமிருக்கட்டும்.) துணியில் தொட்டு, பிழிந்து, ஒரே இழுப்பாக இழுத்து, ஈரமான அலமாரியில் இரவு முழுக்க வைத்தால், காலையில் குழல் முழுக்க ஆரஞ்சுப் பொடி. கம்பி பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட, இரும்போடு ஒட்டிக்கொண்ட துரு மட்டும் மிஞ்சும். மறுபடி மருந்து, மறுபடி அலமாரி. இப்படி எட்டு, பத்து தடவை. கடைசியில் சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவி எண்ணெய் போட வேண்டும். இல்லையென்றால் துரு தன் வேலையை நிறுத்தாது.

அவசரக்காரர்கள் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து ஒரே நாளில் கறுப்பாக்கலாம் என்பார்கள். இரண்டு குழலையும் சேர்த்து வைத்திருப்பது ஈயப்பற்று. காஸ்டிக் அதையே தின்றுவிடும்.

டமாஸ்கஸ் குழல் என்றால்தான் வேடிக்கை. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டிய குழல் அது. பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் ஏராளமாகச் செய்தார்கள். (நம் ஊர் உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாள் வேறு, பெயர்தான் ஒன்று.) மருந்து இரும்பை ஒரு மாதிரியும் எஃகை ஒரு மாதிரியும் கடிக்க, சுருள் சுருளாகக் கோலம் எழும்பி வரும். சில மட்டமான துப்பாக்கிகளில் சாதா எஃகின் மேல் கோலத்தை மட்டும் அச்சடித்து விற்றார்கள். அதில் உப்புத்தாள் போட்டால் கோலம் காலி!

வம்பு இனிமேல்தான். பளபளவென்று ஆனதும் சுட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். இந்தக் குழல்களில் பெரும்பாலானவை கரிமருந்துக்குச் செய்தவை. இன்றைய தோட்டாவின் புகையில்லா மருந்து எரிகிற விதமே வேறு. பல பழைய துப்பாக்கிகளில் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்; இப்போதைய தோட்டாவுக்கு 70 வேண்டும். போதாததற்கு, உள்ளே துரு தின்ற பள்ளங்கள். வெளியே ஒவ்வொரு ரிப்பேரிலும் தேய்ந்து மெலிந்த சுவர். வெடித்தால், குழலைத் தாங்கும் இடது கையின் விரல்கள் போகும். ப்ரௌன் பூச்சு இது எதையும் வெளியே சொல்லாது.

அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் சுவரின் கனத்தை அளப்பார். குழலின் அடியிலுள்ள சோதனை முத்திரை மேல் உப்புத்தாளே வைக்க மாட்டார். பர்மிங்ஹாமில் 1813-லிருந்து இதற்கென்றே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. அங்கே அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள்.

தேறியதில் கரிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுகிற ரசிகர்கள் இன்றும் உண்டு. சுட்டதும் எதிரே ஒன்றும் தெரியாது. ஒரே வெள்ளைப் புகை, அழுகின முட்டை நாற்றம்.