பெர்னீக்கேயாளை எதை வைத்து எடைபோடுவது?

செசரியாவில் பவுல் விசாரிக்கப்பட்டபோது அண்ணன் இரண்டாம் அகிரிப்பா ராஜாவோடு ஆடம்பரமாக வந்து அமர்ந்த பெர்னீக்கேயாளை, அப்போஸ்தலர் நடபடிகளைப் படித்தவர்கள் அறிவார்கள். கி.பி. 28-இல் பிறந்த இந்த ஏரோது வம்சத்து யூத அரசியைப் பற்றி அதற்குமேல் பேசப்படுவதெல்லாம் மூன்று திருமணங்களும் ஒரு காதலும்தான். இது பெரிய அநியாயம். முதல் இரண்டு திருமணங்களும் தந்தை முதலாம் அகிரிப்பாவின் முடிவுகள். அலெக்சாந்திரியாவின் செல்வக் குடும்பத்து மார்க்குஸ் இறந்ததும், தந்தை தம் சொந்தச் சகோதரரான கல்கிஸ் அரசர் ஏரோதுக்கே மகளைக் கட்டிவைத்தார். கி.பி. 48-இல் அவரும் மறைந்தபோது, இரண்டு மகன்களோடு விதவையாக நின்ற பெர்னீக்கேயாளுக்கு வயது இருபதுதான். பிறகு அண்ணன் இரண்டாம் அகிரிப்பாவின் அரண்மனையில் வாழ்ந்தபோது, இருவரையும் இணைத்து அவதூறு எழுந்தது. அந்தப் பேச்சை அடக்கவே சிலிசியா அரசர் பொலெமோனை அவர் மணந்ததாக வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார். அதுவும் நிலைக்கவில்லை.

அதே ஜொசிஃபஸ் பதிவுசெய்த இன்னொரு செய்தி ஏனோ பலர் கண்ணில் படுவதில்லை. கி.பி. 66-இல், நேர்த்திக்கடன் ஒன்றை நிறைவேற்ற பெர்னீக்கேயாள் எருசலேமில் இருந்தபோது, ரோம ஆளுநர் ஃபுளோரஸின் படைவீரர்கள் மக்களைக் கொன்று குவித்தார்கள். ஆளனுப்பிக் கெஞ்சியும் பலனில்லாததால், அவரே வெறுங்காலோடு ஆளுநரின் நியாயாசனத்துக்குமுன் நின்று மன்றாடினார். ஃபுளோரஸ் இரங்கவில்லை. படைவீரர்கள் அவரையே கொல்லத் துணிந்தார்கள். அரண்மனைக்குள் ஓடித்தான் உயிர்தப்பினார். அகிரிப்பாவின் ஆதரவைப் பெற்றிருந்த ஜொசிஃபஸ் முகஸ்துதியாக இப்படி எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் இது ஊரறிய நடந்தது; கண்டவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே எழுதப்பட்டது. அரண்மனைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட வதந்திக்கோ சாட்சியே இல்லை. வதந்தியை நம்புகிறவர்கள் இதைமட்டும் சந்தேகிப்பது எந்த நியாயம்?

பின்னர் பெர்னீக்கேயாள் ரோமின் பக்கம் சாய்ந்ததும், கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் எரியக் காரணமான படையின் தளபதி டைட்டஸோடு வாழ்ந்ததும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ரோமுக்கு எதிராகப் போர் வேண்டாம் என்ற அண்ணன் தங்கை இருவரின் அரண்மனைகளையும் கலகக்காரர்கள் எரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரரசரானதும் டைட்டஸ், ரோம மக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி அவரை அனுப்பிவிட்டார். அகிரிப்பாவை அவருடைய அரசியலால் எடைபோடுகிறது வரலாறு. தங்கையையும் அதே தராசில் நிறுத்துங்கள்; குற்றம் சாட்டினாலும் அரசியலுக்காகச் சாட்டுங்கள்.