பழைய வண்டி வாங்கும் வியாபாரி நுகர்வோரா, இல்லையா?

நுகர்வோர் சட்டம் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. 1986-ல் வந்த அந்தச் சட்டமும், அதற்குப் பதிலாக 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருடச் சட்டமும் கடைக்காரர் தலையில் குட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை என்பது நம்மில் பலருடைய எண்ணம். எடை குறைந்தது, பாக்கெட்டில் தேதி இல்லை, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினான் என்று எதிர்மனுதாரராக நிற்பவர் பெரும்பாலும் நம் ஆளாகவே இருக்கிறார் அல்லவா? அதே வாசலில் மனுதாரராக நாம் போய் நிற்க வேண்டிய நாளும் வரும். அந்த நாளைக் கொண்டு வருவது பல நேரம் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான்.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், கோட்டாறு கம்போளத்திலிருந்து சரக்கு ஏற்றிவர, நாம் 'குட்டி யானை' என்று சொல்லும் டாடா ஏஸ் ஒன்றைப் பழைய வண்டி வியாபாரியிடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓனர், எஞ்சினில் கை வைத்ததே இல்லை, அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்றாவது வாரம் பன்னிரண்டு மூடை அரிசியோடு குலசேகரம் ஏற்றத்தில் வண்டி புகை கக்கி நின்றுவிடுகிறது. மெக்கானிக் திறந்து பார்த்தால் எஞ்சின் முன்பே ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது; கிலோமீட்டர் முள் பின்னால் திருப்பப்பட்டிருக்கிறது. அடியில் படுத்துப் பார்த்தால் சேசிஸ் முழுக்கத் துரு. குளச்சலிலிருந்து மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி இரும்பைத் தின்றிருக்கிறது. மேலே புதுப் பெயிண்ட். விற்றவரிடம் போனால், "ஓட்டிப் பாத்துத்தானே எடுத்தியோ அண்ணாச்சி? இப்ப வந்து சொன்னா நான் என்ன செய்ய?" என்கிறார்.

அவர் சொல்வதில் சட்டத்தின் ஒரு துண்டு இருக்கத்தான் செய்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல. ஆனால் அந்தச் சட்டம் அதோடு நிற்கவில்லை. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தத் தொழிலில் இருப்பவரின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்த வேலைக்கு உதவக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரிசி வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குத்தூசி போட்டு எடுத்த சாம்பிளில் இருந்த அரிசி மூடையின் அடியிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரியோடு திருப்பி அனுப்புகிறோம். எஞ்சினுக்குள் குத்தூசி போக முடியாது. அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில் பிரித்து மூடிய எஞ்சின் தெரியாது. திருப்பி வைத்த முள்ளோ சோதனையையே ஏமாற்றுகிற காரியம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இவர் நுகர்வோரா? மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று 1986-லேயே எழுதிவிட்டார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 1993-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். 2019-ஆம் வருடச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அந்த விளக்கத்துக்கு உச்சநீதிமன்றம் பொருள் சொன்ன வழக்கு நம் கோயம்புத்தூரோடு சம்பந்தப்பட்டது. பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் ஓர் இயந்திரம் வாங்கி, தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று வழக்குப் போட்டது. மகாராஷ்டிர மாநில ஆணையம் நிவாரணம் கொடுத்தது. தேசிய ஆணையம், நீ நுகர்வோரே அல்ல என்று தள்ளிவிட்டது. 1995 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சொன்ன உதாரணங்கள்தான் நமக்கு வேண்டியவை. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்றே வாங்கினால் அவர் நுகர்வோர் அல்ல.

ஆக, கோடு ஸ்டியரிங்கில் போடப்பட்டிருக்கிறது. நம் கடைக்காரர் தானே குட்டி யானையை ஓட்டிப் போய்ச் சரக்கு எடுத்தால், தன் பிழைப்புக்காக வாங்கினேன் என்று ஆணையத்தின் முன் சொல்ல அவருக்கு இடமிருக்கிறது. முழங்கால் வலி, லைசென்ஸ் இல்லை என்று சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்வார். கடை ஒன்றே, வருமானம் ஒன்றே, ஏமாந்த பணமும் ஒன்றே. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

அநியாயம் இன்னும் உறைக்க வேண்டுமானால் 2024 ஜூலையில் வந்த தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி தன் டைரக்டரின் உபயோகத்துக்கு வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் கார் உள்ளே அளவுக்கு மேல் சூடாகிறது என்று டெய்ம்லர் கிறைஸ்லர் நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்திருந்தது. டைரக்டரின் சொந்த உபயோகத்துக்கான கார் வணிக நோக்கம் ஆகாது, எனவே கம்பெனியும் நுகர்வோரே என்றது உச்சநீதிமன்றம். சட்டத்தின் வாசகப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கட்டும். பென்ஸ் காரில் பின்சீட்டில் உட்காருபவர் நுகர்வோர், அரிசி மூடை ஏற்றும் வண்டிக்கு டிரைவர் வைத்த பலசரக்குக்காரர் பெரிய முதலாளி என்று ஆகிவிட்டதே, அதைத்தான் கேட்கிறோம். வரம்பு வேண்டுமானால் அதை விற்றுமுதலில் போடலாம். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்துக்கு ரூ. 1.5 கோடி என்று கோடு போட்டிருக்கிறார்களே, அதே கோட்டுக்குக் கீழே உள்ளவர் தன் தொழிலுக்கு வாங்கும் வண்டி, தராசு, ஃப்ரீசர் எல்லாவற்றுக்கும் நுகர்வோராகக் கருதப்பட வேண்டும். வணிகர் அமைப்புகள் மத்திய அரசிடம் வற்புறுத்த வேண்டிய கோரிக்கை இது. வீட்டுக்கென்று வாங்கும் காருக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நுகர்வோர் என்று நின்றுவிட்டால் வழி அவ்வளவு கடினமல்ல. கொடுத்த விலை ரூ. 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ரூ. 5 இலட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். பெரிய சௌகரியம் ஒன்று: 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே மனுப் போடலாம். திருவனந்தபுரத்தில் வாங்கிய காருக்கு நாகர்கோவிலில் வழக்கு நடத்தலாம். களியக்காவிளை தாண்டி வரும் கே.எல். வண்டிகளை வாங்குகிற நம் ஊருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் குறையை நிரூபிக்க வேண்டியவர் நாம்தான். வண்டி நின்றவுடன் எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டுப் பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள். அங்கேயே பாதி வழக்கு போய்விடுகிறது. முதலில் போட்டோ, கிலோமீட்டர் அளவு, தேதி. பிறகு விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் எழுத்துமூலம் ரிப்போர்ட். பிரிப்பதற்கு முன்பே விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், உம்முடைய ஆளும் வந்து பார்க்கலாம் என்று. ஏற்ற வேண்டிய பாரத்துக்கு மேல் ஏற்றியிருந்தால் விற்றவர் அதையே சாக்காகச் சொல்வார் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

யாரிடம் வாங்கினோம் என்பதும் கேள்விதான். தன் சொந்த வண்டியை விற்கிற ஒரு தனிமனிதர் வியாபாரி அல்ல. அவர்மேல் நுகர்வோர் ஆணையம் போக வழியில்லை, சிவில் கோர்ட்தான். வண்டி செய்த கம்பெனியையும் சும்மா இழுக்க முடியாது. கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று சொல்லி, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடி அடியில் துருப்பிடித்த 2009 மாடலைத் தலையில் கட்டிய வழக்கில், டீலர் செய்த காரியத்துக்கு அதில் பங்கில்லாத டாடா மோட்டார்ஸ் பொறுப்பல்ல என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பில் கொடுத்து விற்கிற வியாபாரியே நமக்குப் பாதுகாப்பு. பில் வேண்டாம், ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த ஐயாயிரம்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த ஐயாயிரம்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனிப் பகுதியே வந்துவிட்டது. பதிவு அதிகாரியிடம் ஐந்து வருடத்துக்கு அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதை விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நாம் வண்டி கொடுக்கிற பக்கத்தில் இருக்கும்போது இது உயிர்நாடி. இன்றைக்கும் 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். வண்டி நாலு கை மாறி ஓடுகிறது, ஆர்.சி.யில் நம் பெயரே இருக்கிறது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்சநீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் தண்ணீரில் கிடந்த கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளின. அவற்றைத் துடைத்து விற்றவர்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். அடி நுனியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கும். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வண்டி வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பில்லின் அடியில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தெரிந்த குறையை மறைத்த வியாபாரியை எந்த ஸ்டாம்பும் காப்பாற்றாது. பில் கொடுக்காததும், குறையுள்ள சரக்கைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் கடைகளில் கல்லாவுக்கு மேலே தொங்கும் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டுக்கும் இது பொருந்தும். வண்டிக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு அந்தப் போர்டைத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

வண்டி வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம்: எத்தனை ஓனர், என்ன சரக்கு ஏற்றியது, எஞ்சின் பிரித்ததுண்டா, விபத்து உண்டா, ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்று எழுதி, கையெழுத்தோடு. தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். முதல் ஒரு மாதத்தில் எஞ்சினும் கியர் பாக்ஸும் போனால் செலவில் பாதி தம்முடையது என்றும் அதில் ஒரு வரி சேர்க்கட்டும். இந்தத் தாளின் மாதிரியைச் சங்கமே அச்சிட்டுக் கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். வண்டி வியாபாரிகளும் அன்று வந்து தங்கள் கட்சியைச் சொல்லட்டும்.