ஆஸ்பத்திரிக்குள் உழைப்பவர் ஆஸ்பத்திரித் தொழிலாளியே!

வைட்ஃபீல்டில் பெருகியவை கம்ப்யூட்டர் கம்பெனிகள் மட்டுமல்ல; ஆஸ்பத்திரிகளும்தான். 2000-ஆம் ஆண்டில் வைதேகி மருத்துவக் கல்லூரி வந்தது. 2001 ஜனவரியில் சத்ய சாயி உயர் சிகிச்சை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பின்னாலேயே தனியார் ஆஸ்பத்திரிகள் வரிசையாக எழுந்தன. அதே 2001-இல், பிப்ரவரி 28-ஆம் தேதி, கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து மக்களும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் நிலவரம் தெரியும். சீசன் டிக்கெட் எடுக்க வரும் நம் சகோதரிகளிடம் எங்கே வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில்" என்கிறார்கள். சம்பளம் யார் தருகிறார்கள் என்றால், "ஏஜென்சிக்காரர்" என்கிறார்கள். வார்டைப் பெருக்குகிறவர், நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளுகிறவர், துணி வெளுக்கிறவர், வாசலில் காவல் நிற்கிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். நாளெல்லாம் உழைப்பது ஆஸ்பத்திரிக்குள். பெயர் இருப்பதோ வேறொருவர் ரிஜிஸ்டரில். காண்ட்ராக்ட் கைமாறினால் ஐந்து வருஷ சர்வீஸ் ஒரே நாளில் பூஜ்யமாகிவிடுகிறது.

இது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் கோளாறு அல்ல, முறையின் கோளாறு. வேலை நிர்வாகத்துக்கு, பொறுப்பு காண்ட்ராக்டருக்கு என்ற பிரிவினைதான் நோயின் மூலம்.

சட்டம் என்ன சொல்கிறது? காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய நிர்வாகமே தர வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. புதிய தொகுப்பில் நமக்குப் பாதகமானவை உண்டு, அவற்றை எதிர்ப்போம். அதற்காகக் கைக்குக் கிடைத்த ஆயுதத்தைக் கீழே போடலாமா?

"ஆஸ்பத்திரி சேவை செய்யும் இடம், இங்கே சங்கம் எதற்கு?" என்பார்கள். இதற்குப் பதில் நம் பெங்களூரிலிருந்தே போயிருக்கிறது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் பெஞ்ச், ஆஸ்பத்திரியும் தொழில்தான் என்று தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். புதிய சட்டம் தரும ஸ்தாபனங்களை விலக்கியிருக்கிறது. ஆனால் கட்டிலுக்கும் ஊசிக்கும் பில் போட்டு லாபம் பார்க்கும் ஆஸ்பத்திரி தரும ஸ்தாபனம் ஆகுமா?

நர்ஸ் படித்த நம் பெண்கள் நிலை மட்டும் மேலா? 2016-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி அமைந்த கமிட்டி, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கேரளத்து நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2018 ஏப்ரலில் அங்கே அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. பரிந்துரை தானாக நடந்து வராது, தோழர்களே. நாம்தான் போய் அழைத்து வர வேண்டும்.

தாய்மார்களே, இது சம்பளக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கு. குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறலாம். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை என்கின்றன. காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அதில் இடமில்லை. உங்களுக்குப் போட்டார்களா?

2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. 2019-இல் நிர்ணயித்த விகிதப்படி, 18,000 ரூபாய் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது 135 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 585 ரூபாய். குடும்பத்துக்கே வைத்தியம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம், எல்லாம் இதில் அடங்கும். பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. ஊராருக்கு வைத்தியம் நடக்கும் இடத்தைக் கழுவுகிறவள், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன் வாங்குவதா?

ஆகவே நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. நம்பர், பி.எஃப். நம்பர். அசல் சர்டிபிகேட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். தனி ஆளாய்க் கேட்டால் மறுநாள் "வேலை இல்லை" என்பான். ஆகையால் கன்னடத் தோழரையும், தெலுங்குத் தோழரையும், ஒரிசாவிலிருந்து வந்த பையனையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள்; இந்த மண்ணின் பாஷை நமக்குப் பலமே தவிர பகையல்ல. ஏஜென்சிக்கு ஒரு நகல், ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு நகல், லேபர் ஆபீசுக்கு ஒரு நகல். எழுதத் துணை வேண்டுவோர் சங்கத்துக்கு வாருங்கள். எழுதித் தர ஆள் இருக்கிறது.