வெயிலில் மாய்ந்த பேய்

1922ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி பேர்லின் மாநகரில் காட்டப்பெற்ற 'நொஸ்பெராத்து' என்னும் ஊமைப்படத்தை, 1979இல் வேர்னர் ஹேர்சொக் மீண்டும் படமாக்கினார். 2024 டிசெம்பரில் றொபேட் எகர்ஸ் என்னும் அமெரிக்க நெறியாளரும் அதனைப் புதுக்கி வெளியிட்டார். நூற்றாண்டு கடந்தும் ஒரு பேய்ப்படம் இவ்வாறு எழுப்பப்படுவானேன் என்று ஆராயப் புகுந்த யான், முதற்கண் கண்டது என் பிழையொன்றையே.

குருதி குடிக்கும் பேய் வெயில் பட்டால் அழிந்தொழியும் என்பது மேலைநாட்டாரின் தொன்றுதொட்ட நம்பிக்கை என்று, பேய்க்கதை மரபுகளை ஒப்பிடும்போதெல்லாம் வகுப்பிற் கூறிவந்தேன். "ஐயா, மூலநூலில் அஃது எங்கே வருகின்றது?" என்று மாணவரொருவர் வினவினார். பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராக்குலா' நாவலைப் புரட்டினேன். ஓரிடத்தும் இல்லை. அந்நாவலில் டிராக்குலா இலண்டன் வீதியிற் பட்டப்பகலிலே நடமாடுகின்றான். பகலில் அவன் ஆற்றல் குன்றுமேயன்றி அழிவு நேர்வதில்லை. அவனை முடிப்பவை இரண்டு கத்திகளே. வைகறை ஒளியிற் புகையாய் மறையும் முடிவு, நெறியாளர் மூர்ணோவும் கதை வகுத்த ஹென்றிக் காலீனும் படத்திற் புகுத்தியது. ஏட்டுப் பிரதிகளில் இடைச்செருகல் தேடியே தலை நரைத்த யான், இவ்விடைச்செருகலை மூலபாடமென்று நம்பியிருந்தேன்!

நிழலின் கதையும் அத்தகையதே. நாவலில் அப்பேய்க்கு நிழல் கிடையாது. படத்திலோ, படிக்கட்டில் ஏறும் அதன் கூன்விழுந்த நிழலே எவர் நெஞ்சையும் விட்டகலாத காட்சி. முதல் உலகப்போரின் சாவுகளுக்குப் பின், எலிகளோடும் கொள்ளைநோயோடும் நகருட் புகும் பேயைக் கண்டோர்க்கு, கத்தியினும் விடியலே பொருத்தமான முடிவாய்த் தோன்றியிருக்கும் என்பது என் துணிபு.

இனி, வழக்கின் செய்தி. நாவலைத் தழுவியதென்று படத்திலேயே அறிவித்தும், ஸ்ரோக்கரின் மனைவி புளோரன்சிடம் படக்கம்பனியார் உரிமை பெற்றாரில்லை. கணவனை இழந்த அவ்வம்மையார் வழக்காடினார், கம்பனியோ முறிந்துபோயிற்று. பிரதிகள் யாவும் அழிக்கப்பட வேண்டுமென 1925இல் ஜேர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம் அவ்வம்மையார் பக்கமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவன் எழுத்தைப் பெயர் மாற்றிப் பொருளீட்டுவோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயினும், அயல்நாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகள் தப்பிப் பிழைத்தமையை எண்ணி மகிழாதிருக்கவும் என்னால் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே எவ்வாறு கொள்வதென்று அம்மாணவர் பின்னர்க் கேட்டபோது யான் விடை கூறவில்லை.

1931இல் முறைப்படி உரிமை பெற்று அமெரிக்காவில் எடுத்த 'டிராக்குலா' படத்தில், பேய் மரமுளையால் மாய்ந்தது. 1958இல் இங்கிலாந்தில் எடுத்த 'டிராக்குலா'விலோ, சாளரத் திரையை இழுத்து வீழ்த்த, வெயில் பட்டுச் சாம்பலாயிற்று. அழிக்கத் தீர்ப்பளிக்கப்பட்ட படத்தின் பாடம், அப்போது மூலநூலின் பெயரிலேயே குடியேறிவிட்டது.