கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர் போன ஞாயிறு காலை மகளோடு வீட்டுக்கு வந்தார். கையில் கல்விக்கடன் விண்ணப்பம். "மேடம், நீங்க பேங்க்ல இருந்தவங்க. கையெழுத்துப் போடலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்தவள். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. சமூகவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துக்காக க்யூட் நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறாள். அந்த முடிவு வருவதற்குள் பணம் கட்டச் சொல்லித் தனியார் பல்கலைக்கழகம் கெடு வைத்துவிட்டது.

வங்கியில் முப்பது வருடம் இருந்தேன். "சோஷியாலஜி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டு விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. ஒரு ஊரில் பெண் பிள்ளைகள் ஏன் எட்டாம் வகுப்போடு நின்றுபோகிறார்கள், அரசு ஒதுக்கிய பணம் யார் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று கண்டு சொல்லும் ஆட்கள் இந்த நாட்டுக்குக் கட்டாயம் வேண்டும். நான் கேட்டது வேறு: முதல் சம்பளம் எவ்வளவு வரும்? அதில் தவணைக்கு எவ்வளவு போகும்?

ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். முதல் வருடம் இரண்டரை லட்சம், அடுத்த வருடம் இரண்டரை லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் ஐந்து லட்சம் ஆறேகால் லட்சமாகி நிற்கும். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,260 ரூபாய், மொத்தம் 9.9 லட்சம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 6,700 சொச்சம்தான், ஆனால் மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டும். வாங்கியது ஐந்து.

"ஏழரை லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து வேண்டாம்னு சொன்னாங்களே?" என்றார். வேண்டாம்தான். ஆனால் பெற்றவரும் சேர்ந்தே கடனாளி ஆகிறார். தவணை தவறினால் இருவர் சிபில் மதிப்பெண்ணும் கெடும். நாளைக்குக் கடைக்கு ஒரு மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

இனி வரவு. சமூகவியல் முடித்துத் தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வுக்குப் போகிறவர்கள் இருபதாயிரத்தில் தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் ஆய்வு உதவித்தொகைக்கு (ஜே.ஆர்.எஃப்.) தேறினால் மாதம் 37,000 ரூபாய். ஆனால் எழுதுகிறவர்களில் மிகச் சிலருக்கே அது கிடைக்கிறது. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். அந்த நாற்காலிக்கு நெட் வேண்டும், பலருக்கு முனைவர் பட்டமும் வேண்டியிருக்கிறது. காத்திருக்க வருடங்களும் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) சொன்னது. அதைக் கேட்டு நம் மாநிலத்தில் எத்தனையோ போராட்டங்கள் நடந்துவிட்டன.

இந்தப் படிப்பில் வருமானம் வராமல் போவதில்லை, மெதுவாக வருகிறது. கடனோ அவ்வளவு நாள் பொறுக்காது. நெட்டுக்குப் படிக்க வேண்டிய வருடத்திலும், சம்பளம் குறைந்தாலும் தொழில் கற்றுத்தரும் வேலைக்குப் போக வேண்டிய வருடத்திலும் மாதாமாதம் எட்டாயிரம் கேட்கும். அந்தப் பிள்ளை கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடும். எந்தப் படிப்புக்காகக் கடன் வாங்கினோமோ, அந்தப் படிப்பின் வழியையே கடன் அடைத்துவிடுகிறது.

அரசும் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. அதிலும் அரசுக் கல்வி நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கே முன்னுரிமை. மெதுவாகச் சம்பாதிக்கப் போகிற பிள்ளைக்குத்தானே வட்டிச் சலுகை அதிகம் தேவை? இந்த விதியை மாற்ற வேண்டும்.

மாறும்வரை நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மாதம் இருபதாயிரம் என்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள் நிறுத்துங்கள். மத்திய, மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதே எம்.ஏ.வை அதைவிடக் குறைவான செலவில் முடிக்கலாம். கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால், படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன.

தையல்காரர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "புதுச்சேரி கிடைக்கலேன்னா, ஆன்ட்டி?" என்றாள் மகள். ஒரு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து படித்து மறுபடி எழுது என்றேன். இருபத்தொரு வயதில் ஒரு வருடம் தள்ளிப்போனால் ஈடுகட்டிவிடலாம். பத்து வருடத் தவணையை அப்படி ஈடுகட்ட முடியாது. பெற்றோர்களே, படிக்க வேண்டாம் என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். எங்கே படிப்பது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.