ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவருக்கு எமன்!

டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு எப்படியோ கொரோனா பக்கம் திரும்புகிறது.

“என்ன பெரிய கொரோனா? எங்கள் வீட்டில் 5 பேருக்கும் வந்தது. கஷாயம் குடித்தோம். 4 நாளில் எழுந்து விட்டோம். வீணாக ஊரை அடைத்துப் பிழைப்பைக் கெடுத்தார்கள்!” என்கிறார் ஒருவர்.

மற்றவர் பதில் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவருடைய தம்பி 2021-ம் ஆண்டு மே மாதம் அதே நோயில் இறந்து போனவர். தம்பியின் முகத்தைக்கூட அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்ல. இருவரும் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார்கள். ஆனாலும் ஒருவருக்கு அது வெறும் காய்ச்சல். மற்றவருக்கு எமன்!

ஏன் இப்படி? யார் சொல்வது சரி?

“நோய்தான் அடங்கிவிட்டதே, இப்போது எதற்கு இந்த ஆராய்ச்சி?” என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு மே 20-ந் தேதி ஜெனீவா நகரில் உலக சுகாதார சபை கூடி, ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த கொள்ளை நோயை நாடுகள் கூடி எதிர்ப்பதற்கான ஒப்பந்தம் அது.

நாடுகள் ஒப்பந்தம் போடட்டும். ஆனால் நோய் வாசலுக்கு வந்தால் முதல் முடிவை எடுக்க வேண்டியது வீடுதான். ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா? பாட்டியைப் பார்க்கப் போவதா, வேண்டாமா? கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதா? இந்த முடிவுகளைப் போன முறை நாம் கண்டதை வைத்துத்தான் எடுப்போம். ஆகவே, நாம் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நோயைக் காணாத நாட்கள்

இந்தியாவில் முதல் நோயாளி 2020-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். சீனாவின் ஊகான் நகரில் படித்துவிட்டுத் திருச்சூர் திரும்பிய மாணவி அவர். மார்ச் 7-ந் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி. மார்ச் 11-ந் தேதி, “இது உலகம் தழுவிய கொள்ளை நோய்” என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

அப்போது நமது கிராமங்கள் பலவற்றில் ஒரு நோயாளி கூட இல்லை. மக்கள் என்ன கண்டார்கள்? பஸ் ஓடவில்லை. சந்தை கூடவில்லை. கூலி இல்லை. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார்கள்.

அவர்கள் நோயைக் காணவில்லை. நோய்க்காகப் போட்ட பூட்டைத்தான் கண்டார்கள்! “நோய் கொல்லவில்லை, பசிதான் கொல்கிறது” என்று அவர்கள் நினைத்ததில் வியப்பு இல்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை அடித்தது. மே மாதத் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. மே 21-ந் தேதி தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் அதிகம். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையாக நின்றன. பிராண வாயுவுக்காக மக்கள் அலைந்தார்கள். முதல் ஆண்டில் சிரித்தவர்களில் பலர் இப்போது அழுதார்கள்.

20 வீட்டுக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காகச் சொல்லும் கணக்கு இது.

ஒரு தெருவில் 20 வீடுகள். வீட்டுக்கு 5 பேர். மொத்தம் 100 பேர். எல்லோருக்கும் நோய் வருகிறது. 99 பேர் பிழைக்கிறார்கள். ஒருவர் இறக்கிறார்.

இப்போது தெருவில் விசாரியுங்கள். 19 வீடுகளில் உள்ள 95 பேரும், “எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்துவிட்டோம்” என்பார்கள். ஒரே ஒரு வீட்டில் மீதி இருக்கும் 4 பேர் மட்டும், “பொல்லாத நோய்” என்பார்கள். கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்தால், 95-க்கு 4 என்ற கணக்கில் நோய் ‘சாதாரண நோய்’ ஆகிவிடும்!

ஆனால் இதே கணக்கை 7 கோடி மக்களுக்குப் போட்டுப் பாருங்கள். 100-க்கு ஒன்று என்றால் 7 லட்சம் சாவு! தெருவில் ‘ஒன்று’ என்று தெரிந்தது, நாட்டில் மலையாகக் குவிந்துவிடுகிறது.

உண்மையில் இந்த விகிதம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இளைஞர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. 70 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆகவே, 20 வயது வாலிபர்கள் தங்கியிருக்கும் விடுதியில் அது ‘சாதாரணக் காய்ச்சல்’. முதியோர் இல்லத்தில் அது பெரும் துயரம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிழைத்தவர் டீக்கடைக்கு வந்து தம் அனுபவத்தைச் சொல்வார். இறந்தவர் வந்து சொல்ல மாட்டார்!

“எனக்கு வரவே இல்லை”

“எனக்குக் கொரோனா வரவே இல்லை” என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் முழு உண்மையாக இருக்க வேண்டியது இல்லை.

2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் மக்களின் ரத்தத்தைச் சோதித்தது. 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நோய் வந்து போன அடையாளம் இருந்தது. அந்தச் சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்த நோயாளிகளோ சுமார் 1 கோடி பேர்தான். அதாவது, பல கோடிப் பேருக்கு அவர்கள் அறியாமலே நோய் வந்து போயிருந்தது.

வந்தது தெரியாது. போனதும் தெரியாது. ஆனால் இடையில் அடுத்தவருக்குக் கொடுத்திருக்கலாம். நமது உடம்பில் நடந்ததே நமக்குத் தெரியாதபோது, ஊரில் நடந்ததை நமது அனுபவம் மட்டும் எப்படிச் சொல்லும்?

மனம் போடும் எடை

மனிதனின் மனம் ஏன் இப்படி எடை போடுகிறது? இதை ஆராய்ந்தவர்கள் இஸ்ரேல் நாட்டு மனோதத்துவ அறிஞர்களான டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவர். இவர்களில் கானமன் 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

1973-ல் வெளியான ஆராய்ச்சியில் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். “ஆங்கிலத்தில் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகமா? ‘கே’ மூன்றாவது எழுத்தாக வரும் சொற்கள் அதிகமா?” என்பது கேள்வி. பெரும்பாலோர், “தொடங்கும் சொற்களே அதிகம்” என்றார்கள். அது தவறு. மூன்றாவது எழுத்தாக வருபவைதான் அதிகம். ஆனால் முதல் எழுத்தை வைத்துச் சொற்களை நினைப்பது சுலபம். சுலபமாக நினைவுக்கு வந்ததால், அதுவே அதிகம் என்று மனம் முடிவு கட்டிவிட்டது!

நோயிலும் இதே கதைதான். தம்பியை இழந்தவருக்குச் சாவு உடனே நினைவுக்கு வருகிறது. கஷாயம் குடித்துப் பிழைத்தவருக்குக் கஷாயம் நினைவுக்கு வருகிறது.

2020-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 10 நாடுகளில் சுமார் 7 ஆயிரம் பேரிடம் விசாரித்தார்கள். நோயைச் சொந்தமாக அனுபவித்தவர்களும், நண்பர்கள், உறவினர் மூலம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் ஆபத்தை அதிகமாக உணர்ந்ததைப் பல நாடுகளில் கண்டார்கள்.

இரு கலைஞர்கள்

சொந்த வீட்டில் நடக்காவிட்டாலும், சொந்தக்காரர் போல நாம் நினைப்பவருக்கு நடந்தால் போதும். மனம் மாறிவிடும்.

பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டு 5-ந் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். “லேசான தொற்றுதான், கவலைப்பட வேண்டாம்” என்று அவரே படம் எடுத்து வெளியிட்டார். செப்டம்பர் 25-ந் தேதி காலமானார். தமிழ் வீடுகள் கலங்கின. அதுவரை நோயை அலட்சியமாக நினைத்தவர்களும் பயந்தார்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு துயரம். நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காக 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந் தேதி மறைந்தார். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்ததே காரணம், ஊசி அல்ல என்று டாக்டர்கள் கூறினார்கள். மத்திய அரசாங்கத்தின் நிபுணர் குழுவும் பின்னர் அதையே சொன்னது.

ஆனால் பலர் கேட்கவில்லை. ஊசிக்குப் பயந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு நல்லபடி வீடு திரும்பிய லட்சக்கணக்கானவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. நல்லபடி வீடு திரும்புவதை யாரும் செய்தியாகப் பேசுவது இல்லையே!

ஒரு சாவு நோயைக் கண்டு பயப்பட வைத்தது. இன்னொரு சாவு மருந்தைக் கண்டு பயப்பட வைத்தது. முதல் பயம் உயிரைக் காத்தது. இரண்டாவது பயம், ஊசி போடாமல் இருந்தவர்களை ஆபத்தில் தள்ளியது.

அச்சமும் அளவு மீறும்

அலட்சியம் மட்டும்தான் கெடுதல் என்று நினைக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு டாக்டர் கொரோனாவால் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கடைசியில் உடன் வேலை பார்த்த டாக்டரே மண்ணை அள்ளிப் போட்டுக் குழியை மூட வேண்டியிருந்தது. நோயைப் பற்றித் தெரியாதவர்களின் பயம், பிறருக்கு உதவப் போய் உயிர் விட்டவரையே அவமதித்தது.

மறந்து போன துயரம்

1918-ல் விஷக் காய்ச்சல் ஒன்று பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் ஜனத்தொகை குறைந்தது, 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளில்தான். ஆனால் இன்று எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சு இருக்கிறது? கண்டவர்கள் போனதும் கதையும் போய்விட்டது!

பெரியம்மையும் அப்படியே. வேப்பிலை கட்டிய வாசலையும், தழும்பு விழுந்த முகத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நோயின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியது இல்லை. அம்மை குத்தியே அந்த நோயை விரட்டினோம். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் அது வரவில்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இன்றைய பேரன், தாத்தாவின் கையில் உள்ள வடுவைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்கிறான். ஊசியின் வெற்றியால் நோய் கண்ணில் படவில்லை. நோய் கண்ணில் படாததால், “ஊசி எதற்கு?” என்ற கேள்வி பிறக்கிறது!

என்ன செய்யலாம்?

அனுபவம் நல்ல வாத்தியார்தான். ஆனால் அந்த வாத்தியாருக்கு ஒரு தெருதான் தெரியும். ஆகவே அடுத்த தெருவையும் விசாரிக்க வேண்டும். நர்சு, ஆம்புலன்ஸ் டிரைவர், மயானத்தில் வேலை செய்பவர் ஆகியோர் ஆயிரம் வீடுகளின் அனுபவத்தைக் கண்டவர்கள். அவர்கள் சொல்வதற்கு எடை அதிகம்.

“எனக்கு வந்தால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்கக் கூடாது. “எங்கள் வீட்டில் மிகவும் பலவீனமானவருக்கு வந்தால் என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும்.

எண்களையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் என்பது அரசாங்கக் கணக்கு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுமார் 47 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை ஒரு புறம் இருக்கட்டும். குறைந்த கணக்கை எடுத்தாலும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயிருக்கின்றன!

அதே போல, கூலி இழந்து தவித்தவரின் அனுபவமும் உண்மைதான். அதைத் தள்ளிவிடக் கூடாது. ஊரை அடைக்கும்போது அடுப்பு எரிய வழி செய்தால்தான் ஜனங்கள் சொன்னதைக் கேட்பார்கள்.

டீக்கடைக்குத் திரும்புவோம். அங்கே ஒருவர், “என்ன பெரிய கொரோனா?” என்றார். அதற்குப் பதிலாக, “எங்கள் வீட்டில் லேசாக வந்து போய்விட்டது. உங்கள் வீட்டில் எப்படி, அண்ணே?” என்று கேட்டிருந்தால்?

மற்றவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார். தம்பியைப் பற்றிச் சொல்லியிருப்பார்.